ஆயிரம் யூசர் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு

லோட் டெஸ்டிங் வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மீட்டிங்கில் முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான்: "நம்ம ஏபிஐ கேட்வே எத்தனை யூசர் தாங்கும்?" கேட்பவர் மேல் குற்றமில்லை. அவரை மேலே உள்ளவர் கேட்டிருப்பார், அவரை அவருக்கும் மேலே உள்ளவர். எல்லோருக்கும் ஓர் எண் தேவைப்படுகிறது. ஜேமீட்டரில் ஆயிரம் திரெட் வைத்து ஐந்து நிமிடம் ஓட்டுவார்கள். எரர் பெரிதாக வரவில்லை என்றால் "ஆயிரம் தாங்கும்" என்று மெயில் போய்விடும். பல இடங்களில் விஷயம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரு கேட்வேயைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. சுமை ஏற ஏற அது எந்த இடத்தில் திணறத் தொடங்குகிறது? திணறத் தொடங்கிய பிறகு எப்படி நடந்துகொள்கிறது? முதல் கேள்விக்கு அரைகுறையாகவாவது பதில் கிடைக்கிறது. இரண்டாவதைப் பெரும்பாலான ரிப்போர்ட்கள் தொடுவதே இல்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள் இரவு ஆப் படுத்துவிட்டால், அன்றைக்கு முக்கியமாகப் போவது அந்த இரண்டாவது கேள்விதான்.

துறைக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. மொபைல் ஆப்பிலிருந்து வருகிற ரிக்வெஸ்ட் நேராக உள்ளே இருக்கும் சர்வீஸ்களுக்குப் போவதில்லை, முதலில் கேட்வேக்கு வரும். டிஎல்எஸ் குறியாக்கத்தை அவிழ்ப்பது, டோக்கன் செல்லுபடியாகுமா என்று பார்ப்பது, இந்த வாடிக்கையாளர் தன் வரம்பைத் தாண்டிவிட்டாரா என்று எண்ணுவது, லாக் எழுதுவது, எந்த சர்வீஸுக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. உள்ளே ஒரு சர்வீஸ் விழுந்தால் ஒரு வசதி போகும். கேட்வே விழுந்தால் எல்லாமே போய்விடும்.

ஒரே நேரத்தில் ஏராளமான கனெக்‌ஷன்களைச் சமாளிப்பது பழைய பிரச்சினை. ஒரே சர்வர் பத்தாயிரம் கனெக்‌ஷன்களை எப்படித் தாங்கும் என்று டான் கெகல் 1999-இல் எழுதினார், 'சி10கே' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் அதற்கான விடைகளில் ஒன்று. ரிக்வெஸ்டுக்கு ஒரு திரெட் என்று ஒதுக்காமல், சில வொர்க்கர்களே ஆயிரக்கணக்கான கனெக்‌ஷன்களை மாற்றி மாற்றிக் கவனிக்கும். இன்று பலரும் பயன்படுத்தும் காங் கேட்வே அந்த என்ஜின்எக்ஸ் மேல் கட்டப்பட்டது. நெட்ஃப்ளிக்ஸ் 2013-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட ஜூல் கேட்வே, ரிக்வெஸ்டுக்கு ஒரு திரெட் என்ற முறையில் இருந்தது. 2018-இல் வெளிவந்த ஜூல் 2, என்ஜின்எக்ஸ் போன்ற முறையில் ஓடும் நெட்டிக்கு மாறியது. உங்கள் கேட்வே எந்த வகை என்று தெரிந்துகொண்டுதான் டெஸ்டில் இறங்க வேண்டும், ஏனென்றால் திணறுகிற விதம் வகைக்கு வகை மாறும். திரெட் வகை, பூல் தீர்ந்ததும் வெளிப்படையாக நிற்கும். மற்றது வருகிறவர்களை எல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கும். மெமரியும் லேட்டன்சியும் சத்தமில்லாமல் ஏறும்.

சரி, 'ஆயிரம் யூசர்' என்றால் எவ்வளவு சுமை?

ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. ஓர் அமைப்புக்குள் ஒரே நேரத்தில் இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, நொடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்பதையும் பெருக்கினால் வருவது. பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் லோட் டெஸ்டில் பாதிக் குழப்பத்தை இது தீர்த்துவிடும். ஒரு ரிக்வெஸ்டுக்கு 50 மில்லி செகண்ட் ஆகிறது, பதில் வந்த உடனே அடுத்த ரிக்வெஸ்ட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் திரெட் நொடிக்கு 20,000 ரிக்வெஸ்ட் அனுப்பும். அதே ஆயிரம் பேர் நிஜ மனிதர்களாக இருந்து, திரையைப் படித்து யோசித்துப் பத்து விநாடிக்கு ஒரு முறை பட்டனைத் தொட்டால் நொடிக்கு 100 ரிக்வெஸ்ட்தான் வரும். இரண்டுக்கும் பெயர் ஆயிரம் யூசர். நடுவில் 200 மடங்கு வித்தியாசம். அதனால்தான் என்னிடம் யாராவது யூசர் கணக்கில் கேட்டால், நொடிக்கு எத்தனை ரிக்வெஸ்ட், அது எத்தனை மில்லி செகண்டுக்குள் முடிய வேண்டும் என்று இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அடுத்த வேலை.

ஒரு கணக்கைப் படிப்படியாகப் பார்ப்போம். கேட்வேக்குப் பின்னால், வாங்கியதை அப்படியே திருப்பி அனுப்பும் ஓர் எக்கோ சர்வர். ஒவ்வொரு பதிலையும் 50 மில்லி செகண்ட் தாமதித்து அனுப்பும். கேட்வே தன் பங்குக்கு 2 மில்லி செகண்ட் எடுக்கிறது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 6,000 என்று வைத்துக்கொள்வோம். கான்கரன்சியை, அதாவது ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் ரிக்வெஸ்ட் எண்ணிக்கையை, 50-இல் தொடங்கினால் நொடிக்கு சுமார் 960 வரும். 100 வைத்தால் 1,920. 200 வைத்தால் 3,840. இதுவரை இரட்டித்தால் இரட்டிக்கிறது, லேட்டன்சி 52-ஐ விட்டு அசையவில்லை. 300-இல் 5,770 வர வேண்டும், 5,500 வருகிறது. லேட்டன்சி 54 தாண்டுகிறது. இந்த இரண்டு மில்லி செகண்டை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் கவனிக்க வேண்டிய இடம் இதுதான், கேட்வேக்குள் வரிசை உருவாகத் தொடங்கிவிட்டது. 400-இல் நொடிக்கு 6,000, லேட்டன்சி 67. 800-இலும் அதே 6,000, லேட்டன்சி 133. 1,600-இலும் அதே 6,000, லேட்டன்சி 267.

கடைசி மூன்று படிகளில் கேட்வே கூடுதலாக ஒரு ரிக்வெஸ்டைக்கூட முடித்துக் கொடுக்கவில்லை. நாம் ஏற்றிய யூசர்கள் எல்லாம் வரிசையில் போய் நின்றார்கள், அவ்வளவே. எரர் ஒன்றும் வராது. ரிப்போர்ட்டில் '1,600 யூசர், எரர் பூஜ்யம்' என்று பச்சை நிறத்தில் இருக்கும். நான் சொல்ல வருவது, இந்த கேட்வேயின் எல்லை 300-க்கும் 400-க்கும் நடுவில், அதாவது நொடிக்கு 5,500 அளவில் முடிந்துவிட்டது. நடைமுறையில் 1,600-க்கு அப்பால் அந்த 6,000 அப்படியே நிற்பதும் இல்லை, குறையத் தொடங்கும். ஒருவர் போட்ட பூட்டு திறக்கும் வரை மற்றவர் காத்திருப்பது, ஒரு கோரிடம் இருக்கும் தகவலை மற்றவை கேட்டு வாங்குவது என்று ஒருங்கிணைப்புச் செலவே வேலையைத் தின்னும். இந்தச் சரிவைச் சூத்திரமாக எழுதிக் காட்டியவர் நீல் கந்தர். ஸ்கேலபிலிட்டி பற்றி அவர் எழுதியவற்றைத் தேடிப் படிக்கும்படி எல்லோரிடமும் சொல்வேன்.

இந்தப் படிகளை ஓட்டும்போது ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களாவது நிலையாக நிற்க வேண்டும். ஜேவிஎம்மில் ஓடும் கேட்வே என்றால் வார்ம்-அப் முடியும் வரை வரும் எண்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். லோட் அனுப்பும் இயந்திரம் தனியாக இருக்கட்டும், அதன் சிபியுவையும் பாருங்கள். கேட்வே திணறுவதாகத் தெரிகிற பல கிராஃப்களில் திணறுவது ஜேமீட்டர் ஓடும் லேப்டாப். கிளவுடில் சிபியு கிரெடிட் கணக்கில் ஓடும் மலிவு இயந்திரங்களில் டெஸ்ட் செய்யாதீர்கள், கிரெடிட் தீரும் வரை ஒரு முகம், தீர்ந்த பிறகு வேறு முகம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்வே இல்லாமல், அந்த எக்கோ சர்வரை நேராக ஒரு முறை அடித்துப் பார்த்துவிட வேண்டும். அதற்கும் கேட்வே வழியாக வரும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் கேட்வே நம்மிடம் வசூலிக்கும் வரி. பிறகு டோக்கன் சோதனையைச் சேர்த்து ஒரு முறை, ரேட் லிமிட்டைச் சேர்த்து ஒரு முறை, லாகிங் சேர்த்து ஒரு முறை. மொத்தமாகச் சேர்த்து ஓட்டினால் எது தின்கிறது என்று தெரியாது. 2005-இல் இலங்கையில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் தன் ஏபிஐ மேனேஜருக்கு வெளியிடும் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கைகளைப் பாருங்கள். பின்னால் நெட்டியில் எழுதிய எக்கோ சர்வரை வைத்து, கான்கரன்ட் யூசர், மெசேஜ் அளவு, பேக்-எண்ட் தாமதம் மூன்றையும் மாற்றி மாற்றி அளந்திருப்பார்கள். விற்பவர்களே தங்கள் எண்களை இப்படி நிபந்தனைகளோடு திறந்து வைப்பது நல்ல பழக்கம். நம் உள் அறிக்கைகளும் அப்படி இருக்க வேண்டும்.

இனி, கிராஃப் தட்டையாகப் போன ஒரு சம்பவத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளரின் கேட்வே, என்ஜின்எக்ஸ் அடிப்படையிலானது. நொடிக்கு 400 வரை வழவழவென்று போகிறது. 800-க்கு ஏற்றினால் முதல் அரை நிமிடம் எல்லாம் சரி, அப்புறம் 502 ஆகக் கொட்டுகிறது. கொஞ்சம் நிறுத்தி மறுபடி ஓட்டினால் மறுபடி அரை நிமிடம் சரி.

கேட்வே டீமில் இருந்த தம்பி சொன்னார்: "சார், சிபியு பன்னெண்டு பர்சென்ட்தான். எங்க பக்கம் ஒண்ணும் இல்ல."

பேக்-எண்ட் பக்கத்து அக்கா: "எங்களுக்கு ரிக்வெஸ்டே வரலப்பா. வந்ததுக்கெல்லாம் நாப்பது மில்லி செகண்ட்ல பதில் போயிருக்கு பாரு."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. கேட்வே ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் பேக்-எண்டுக்குப் புதிதாக ஒரு கனெக்‌ஷன் திறந்து, வேலை முடிந்ததும் மூடிக்கொண்டிருந்தது. என்ஜின்எக்ஸ் பல ஆண்டுகளாக அப்படித்தான் வந்தது. பேக்-எண்டுக்கு எச்டிடிபி 1.1, கூடவே கீப்-அலைவ் பூல் இரண்டையும் நாமே கான்ஃபிக்கில் எழுதித் தர வேண்டியிருந்தது. லினக்ஸில் வெளியே போகும் கனெக்‌ஷன்களுக்கு இயல்பாக ஒதுக்கிய போர்ட் எண்கள் 32,768 முதல் 60,999 வரை. மொத்தம் 28,232. கனெக்‌ஷனை எந்தப் பக்கம் முதலில் மூடுகிறதோ அந்தப் பக்கத்தில் அந்த போர்ட் 'டைம்-வெயிட்' நிலையில் 60 விநாடி கிடக்கும். இங்கே மூடியது கேட்வே. ஒரே பேக்-எண்ட் முகவரிக்கு, 28,232-ஐ 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 470. அதற்கு மேல் நீடித்து ஓட வழியே இல்லை. நொடிக்கு 800 போனால் 35 விநாடியில் போர்ட் தீர்ந்துவிடும். அந்த அரை நிமிடம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? எரர் லாக்கில் 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' என்று தெளிவாக எழுதியிருந்தது. எல்லோரும் கிராஃபானா டாஷ்போர்டில் சிபியுவையும் மெமரியையும் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த வரி கண்ணில் படவில்லை. கீப்-அலைவ் போட்டதும் அந்தச் சுவர் மறைந்தது. அடுத்த எல்லை எதிர்பார்த்தபடி சிபியுவில் வந்தது, அது ஆரோக்கியமான எல்லை.

சிபியு சும்மா இருக்கிறது என்பதையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. குபர்நெட்டிஸில் ஒரு பாடுக்கு 2 சிபியு லிமிட் கொடுத்திருக்கிறீர்கள். லினக்ஸ் அதை எப்படி அமல்படுத்துகிறது? இயல்பாக 100 மில்லி செகண்டுக்கு ஒரு தவணை; ஒவ்வொரு தவணையிலும் 200 மில்லி செகண்ட் சிபியு நேரம் உங்களுக்கு. உள்ளே எட்டு திரெட் ஒரே நேரத்தில் முழு மூச்சில் வேலை செய்தால் 25 மில்லி செகண்டில் அந்த 200 தீர்ந்துவிடும். மீதி 75 மில்லி செகண்ட் பாட் முழுவதும் உறைந்து நிற்கும். பத்து மில்லி செகண்டில் முடிய வேண்டிய ரிக்வெஸ்ட் காரணமே தெரியாமல் எண்பதைத் தாண்டும். ட்ராஃபிக் விட்டு விட்டு வந்தால், நிமிடச் சராசரியில் சிபியு 40 சதவீதம் என்று காட்டும். என்ஜின்எக்ஸ் வொர்க்கர் எண்ணிக்கையை 'ஆட்டோ' என்று விட்டால் பாடின் லிமிட்டைப் பார்க்காது, முழு இயந்திரத்தின் கோர்களை எண்ணும். 64 கோர் இயந்திரத்தில் 2 சிபியு பாடுக்குள் 64 வொர்க்கர் எழுந்து நிற்கும். இப்படி உறைய வைக்கும் த்ராட்லிங் எத்தனை தவணைகளில் நடந்தது என்ற எண்ணிக்கையை டாஷ்போர்டில் சிபியுவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

இப்போது இந்தத் துறையில் நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஜேமீட்டரின் சாதாரண திரெட் குரூப் எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொரு திரெடும் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பும், பதில் வரும் வரை காத்திருக்கும், வந்ததும் அடுத்ததை அனுப்பும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு இலை போட்டால் நூறு பேர். ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காருவார். பரிமாறுவது தாமதமானால் உள்ளே வருகிறவர்களின் வேகமும் தானாகக் குறையும். நிஜ உலகில் இணையத்திலிருந்து வருகிறவர்கள் இலை காலியாகக் காத்திருக்க மாட்டார்கள். உங்கள் சர்வர் மெதுவாகிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு வந்துகொண்டே இருப்பார்கள்.

இந்த வித்தியாசம் எண்களை எவ்வளவு புரட்டிப் போடும் என்று பாருங்கள். ஒரே ஒரு திரெட், ஒரு நிமிட டெஸ்ட், ஒவ்வொரு பதிலும் 10 மில்லி செகண்ட். நடுவில் சர்வர் 6 விநாடி உறைந்துவிடுகிறது. டூல் என்ன பதிவு செய்யும்? மீதி 54 விநாடியில் 5,400 ரிக்வெஸ்ட், எல்லாம் 10 மில்லி செகண்ட். கூடவே 6 விநாடி எடுத்த ஒரே ஒரு ரிக்வெஸ்ட். அதாவது நூறில் தொண்ணூற்றொன்பது பேருக்கு எவ்வளவு நேரத்துக்குள் பதில் கிடைத்தது என்று சொல்லும் பி99, அழகாக 10 மில்லி செகண்ட். நிஜத்தில் நொடிக்கு 100 பேர் வந்துகொண்டிருந்தால் அந்த 6 விநாடியில் 600 பேர் மாட்டியிருப்பார்கள். மொத்தம் 6,000 பேரில் பத்து சதவீதம். உறைந்த உடனே வந்தவர் கிட்டத்தட்ட 6 விநாடி காத்திருப்பார், கடைசியில் வந்தவர் கொஞ்ச நேரம். கணக்குப் போட்டால் பி99 சுமார் 5.4 விநாடி. அதே சர்வர், அதே ஆறு விநாடி. ஒரு ரிப்போர்ட் 10 மில்லி செகண்ட் என்கிறது, இன்னொன்று 5,400 என்கிறது.

அசுல் சிஸ்டம்ஸின் கில் டெனே இதற்கு 'கோஆர்டினேட்டட் ஒமிஷன்' என்று பெயரிட்டார். டபிள்யூஆர்கே2 என்ற டூலை இதைச் சரிசெய்யவே எழுதினார். அதில் ரிக்வெஸ்ட் எப்போது புறப்பட்டிருக்க வேண்டுமோ அந்த நேரத்திலிருந்து காத்திருப்பைக் கணக்கிடுவார்கள். கே6-இல் 'கான்ஸ்டன்ட் அரைவல் ரேட்' என்ற முறையும், ஜேமீட்டரில் 5.5 பதிப்பிலிருந்து 'ஓப்பன் மாடல் திரெட் குரூப்'பும் இருக்கின்றன. ஆகவே கான்கரன்சியைப் படிப்படியாக ஏற்றும் டெஸ்டை எல்லை எங்கே என்று கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்கு என்ன அனுபவம் கிடைக்கும் என்று சொல்ல வேண்டுமானால், வருகை வேகத்தை நிர்ணயித்து ஓட்டிய டெஸ்டிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

பி99 பற்றி ஒரு சிறு குறிப்பு. "நூத்துல ஒருத்தருக்குத்தானே" என்று அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆப்பின் முகப்புத் திரை பத்து ஏபிஐ அழைப்புகளில் உருவாகிறது என்றால், அதில் ஒன்றாவது அந்த மெதுவான ஒரு சதவீதத்தில் விழும் வாய்ப்பு 9.6 சதவீதம். பத்தில் ஒருவர். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013-இல் எழுதிய கட்டுரையில் நூறு சர்வர்களுக்கு இதே கணக்கைப் போட்டால் 63 சதவீதம் வரும் என்று காட்டினார்கள். இன்னொன்று, ஐந்து பாட்களின் பி99-ஐக் கூட்டி ஐந்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. ஹிஸ்டோகிராமைச் சேர்த்துத்தான் பி99 எடுக்க வேண்டும்.

எல்லையைத் தாண்டிய பிறகு நடப்பதற்கு வருவோம். நம் கேட்வேயின் உச்சம் 6,000 என்றோமே, அதற்கு நொடிக்கு 9,000 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நொடியும் 3,000 பேர் வரிசையில் சேர்கிறார்கள். ஆறாவது விநாடியில் வரிசையில் 18,000 பேர், புதிதாக வருகிறவர் 3 விநாடி நிற்க வேண்டும். ஆப்பில் டைம்-அவுட் 3 விநாடி என்று எழுதியிருந்தால்? அந்தக் கணத்திலிருந்து வந்து சேர்கிற யாருக்கும் நேரத்துக்குள் பதில் கிடையாது. அவர்கள் முறை வந்து கேட்வே பதில் தயாரிக்கும்போது அங்கே ஆள் இருக்க மாட்டார். ஆப் பொறுமையிழந்து கனெக்‌ஷனை வெட்டியிருக்கும். கேட்வே நொடிக்கு 6,000 வேலையை முடித்துக்கொண்டே இருக்கும், சிபியு நூறு சதவீதம், த்ரூபுட் கிராஃப் உச்சத்தில். வாடிக்கையாளர் கையில் ஒன்றும் சேராது. சுமை ஏறிய ஆறே விநாடியில் இது.

அவர்கள் சும்மாவும் இருக்க மாட்டார்கள். ஆப் தானாக ரீட்ரை செய்யும். இப்போது உண்மையான சுமை 3,000-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், உச்சத்தில் பாதிதான். ஆனால் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் மொத்தம் மூன்று முறை முயல்கிறது. மூன்று மூவாயிரம் ஒன்பதாயிரம். கேட்வே அதே 9,000-ஐத்தான் பார்க்கிறது. கூட்டம் கலைந்த பிறகும் அது எழுந்திருக்காது. ஆப், கேட்வே, உள்ளே ஒரு சர்வீஸ் என்று மூன்று அடுக்கிலும் தலா மூன்று முயற்சி இருந்தால் கடைசி டேட்டாபேஸுக்கு 27 மடங்கு போய்ச் சேரும். காரணம் நீங்கிய பிறகும் நீடிக்கும் இப்படிப்பட்ட முடக்கங்களுக்கு நேதன் பிரான்சன் உள்ளிட்டோர் 2021-இல் 'மெட்டாஸ்டேபிள் ஃபெயிலியர்' என்று பெயர் வைத்து எழுதினார்கள்.

நம் எல்லோர் கையிலும் இருக்கும் யுபிஐயில் இதன் சாயலைப் பார்த்தோம். 2025 மார்ச் மாதம் மட்டும் அதில் சுமார் 1,830 கோடி பரிவர்த்தனைகள். சராசரி பார்த்தால் நொடிக்கு 6,800-க்கு மேல். ஏப்ரல் 12-ஆம் தேதி பல மணி நேரம் அது தடுமாறியது. பணம் போனதா இல்லையா என்று விசாரிக்கும் ஏபிஐ அழைப்புகள் வெள்ளமாக வந்ததும், சில வங்கிகள் பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூடத் திரும்பத் திரும்பக் கேட்டதும் காரணம் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ கண்டறிந்தது. பிறகு வந்த விதிகளைப் பாருங்கள். முதல் விசாரிப்புக்கு 90 விநாடி பொறுக்க வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். இரண்டு மணி நேரத்தில் அதிகபட்சம் மூன்று முறைதான் கேட்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் ஓர் ஆப்பில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது. மூன்றுமே திரும்பத் திரும்பக் கேட்பதைக் கட்டுப்படுத்தும் விதிகள். பணம் அனுப்பும் வேலைக்காக அளந்து கட்டிய ஓர் அமைப்பை, 'என்ன ஆச்சு' என்ற கேள்வியே மூழ்கடிக்க முடியும்.

இதை லோட் டெஸ்டில் பிடிக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் நம் ஸ்கிரிப்ட்கள் அதற்காக எழுதப்படவில்லை. ஜேமீட்டர் ஒரு டைம்-அவுட்டைப் பார்த்தால் எரர் என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. உங்கள் ஆண்ட்ராய்டு ஆப் அப்படிச் செய்யாது. ஆப்பின் டைம்-அவுட் எவ்வளவு, எத்தனை ரீட்ரை, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று மொபைல் டீமிடம் கேட்டு, அதே நடத்தையை ஸ்கிரிப்டில் எழுதுங்கள். பல இடங்களில் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதுதான் மூன்று அடுக்கிலும் ரீட்ரை இருப்பது முதன்முதலாகத் தெரியவரும்.

பிறகு எல்லையைக் கண்டுபிடித்ததோடு டெஸ்டை நிறுத்தாதீர்கள். ஒன்றரை மடங்கு ஏற்றி ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். நல்ல கேட்வே அந்த நேரத்தில் தன்னால் முடிந்த 6,000-ஐ ஒழுங்காக, குறித்த நேரத்துக்குள் முடித்துக் கொடுக்கும். மிச்சம் 3,000-ஐ வாசலிலேயே 429 அல்லது 503 கொடுத்து, எப்போது திரும்ப வரலாம் என்ற ரீட்ரை-ஆஃப்டர் குறிப்போடு உடனே திருப்பி அனுப்பும். வரிசைக்கு ஒரு நீள வரம்பு இருக்கும். மோசமான கேட்வே எல்லோரையும் உள்ளே விட்டு எல்லோரையும் காக்க வைக்கும். 429 வந்தால் டெஸ்ட் தோல்வி என்று எழுதுகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். எல்லைக்கு மேல் 429 வருவது வெற்றி, வராமல் லேட்டன்சி மட்டும் ஏறுவதுதான் தோல்வி.

அப்புறம் சுமையை எல்லைக்குப் பாதியாக இறக்குங்கள். பி99 பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். சில விநாடிகளில் திரும்பினால் நிம்மதி. ஐந்து நிமிடமானாலும் திரும்பவில்லை, யாராவது ரீஸ்டார்ட் செய்தால்தான் எழுகிறது என்றால், அந்த கேட்வேயின் உச்சம் 6,000 என்று எழுதுவதில் அர்த்தமில்லை. ஒரு நிமிடக் கூட்டம் வந்தால் அரை நாள் படுத்துவிடும் என்றுதான் எழுத வேண்டும். மீண்டெழ வைக்கும் மருந்துகள் தெரிந்தவைதான். வரிசைக்கு வரம்பு, ஒரே ஓர் அடுக்கில் மட்டும் ரீட்ரை, முயற்சிக்கு முயற்சி கூடிக்கொண்டே போகும் இடைவெளி, அந்த இடைவெளியில் கொஞ்சம் ஒழுங்கின்மை, மொத்த ட்ராஃபிக்கில் ரீட்ரைகளுக்கு ஒரு சதவீத உச்சவரம்பு. கடைசியில் சொன்னது என்வாய் ப்ராக்ஸியில் 'ரீட்ரை பட்ஜெட்' என்ற பெயரில் தயாராகவே இருக்கிறது. இவை வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொள்ள சுமையை இறக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை "எத்தனை யூசர் தாங்கும்" என்று மெயில் வந்தால் நான்கு எண்களாகப் பதில் அனுப்புங்கள்: எந்த வேகத்தில் வரிசை தொடங்குகிறது, அங்கே பி99 எவ்வளவு, ஒன்றரை மடங்கு சுமையில் எத்தனை பேருக்கு நேரத்துக்குள் பதில் கிடைக்கிறது, சுமை இறங்கியபின் மீண்டெழ எவ்வளவு நேரம் ஆகிறது. உங்கள் டெஸ்ட் பிளானில் கடைசி எண்ணுக்கு நேரம் ஒதுக்கியிருக்காது. அடுத்த ரிலீஸுக்கு முன்னால் அதற்கு ஓர் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.